சொந்தச் சொல்லும் வந்த சொல்லும்

திறனாய்வு என்றவுடன் காப்பியம், கவிதை, நாவல், சிறுகதை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. சாப்பாடு, தூக்கம், பேருந்துப் பயணம், பக்கத்து வீட்டு ஓசை, பிள்ளைகளின் பழக்கவழக்கம் ஆகியவற்றைப் பற்றி ஒருவர் தம் மனத்தில் பட்டதை எழுதினால், அதனைத் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கொள்வதில்லை. படித்துச் சிரிக்கிறோம், அல்லது முகம் சுளிக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். ஆயினும் மக்கள் மிகுதியாகப் படிப்பதும், எழுத்தாளர் அல்லாதோர் துணிந்து எழுதுவதும் இவ்வகை எழுத்தையே. இதனை 'அன்றாடக் கருத்துரை' என்று அழைப்போம்.

இவ்வெழுத்து இன்று அச்சுத்தாளைவிடக் கைபேசித் திரையிலேயே மிகுதியாக வாழ்கிறது. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு போன்ற நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், எழுதப்பட்ட தமிழ் நாள்தோறும் கண்ணில் படும் இடம் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழு ஒன்றுதான். ஆகவே அங்கு வரும் எழுத்து எத்தகையது என்று ஆராய்வது வெறும் பொழுதுபோக்கு ஆகாது. நம் பிள்ளைகள் தமிழ் என்று எதனைக் கண்டு வளர்கிறார்கள் என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

மரபு

இவ்வகை எழுத்து தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, பொருள் மரபு இல்லாத புனைவுமொழியையும் பொருளோடு பொருந்திய நகைமொழியையும் வேறு வேறாக வைத்து எண்ணுகிறார். சிரிக்கச் சொல்வதிலும் பொருள் இருத்தல் கூடும் என்பதை அப்பாகுபாடு உணர்த்துவதாக நாம் கொள்ளலாம்.

திருக்குறளின் இருபதாம் அதிகாரம் பயனில சொல்லாமை. அதன் பெயரை மட்டும் பார்ப்போர், அன்றாடப் பேச்சு முழுவதையும் வள்ளுவர் விலக்கினார் என்று எண்ணக்கூடும். ஆனால் பரிமேலழகர் பயன் என்பதற்கு அறம், பொருள், இன்பம் ஆகிய மூன்றையும் கொள்கிறார். இன்பமும் பயனே என்றால், கேட்போர் உள்ளத்தை மலரச் செய்யும் ஓர் இலேசான பேச்சு பயனில்லாச் சொல் ஆகாது. எனவே, பொருள் சிறிது என்பதனால் ஓர் எழுத்தைத் தள்ளிவிடல் முறையன்று.

இக்கால உரைநடையில் இவ்வகைக்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர் பாரதியார். சுதேசமித்திரனில் அவர் எழுதிய 'தராசு' என்னும் தொடரில், ஒரு தராசுக்கடைக்குப் பலர் வருகின்றனர், பலவற்றைக் கேட்கின்றனர், தராசு விடை சொல்கிறது. நாட்டு நடப்பும் உண்டு, தெருப்பேச்சும் உண்டு. கருத்துச் சொல்வதற்குப் பாரதியார் தேர்ந்தெடுத்த கருவி எண்ணிப் பார்க்கத்தக்கது. தட்டில் எதையாவது வைத்தால்தான் தராசு எடை காட்டும். வெறுந்தட்டுக்கு எடை இல்லை.

வ. ரா. (1889–1951) நடைச்சித்திரம் என்னும் வகையை வளர்த்தவர். தெருவில் நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் கடந்து செல்லும் எளிய மனிதர்களை அவர் நிறுத்திப் பார்த்தார். கல்கி, 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசையையும் நடனத்தையும் பற்றி எழுதியபோது, மேடையில் இருந்து பேசாமல், நாற்காலியில் அமர்ந்திருக்கும் இரசிகனாகவே நின்று பேசினார். கச்சேரிக்குச் சென்றவன் சொல்லும் கருத்து அது. இசை நூல் படித்தவன் மட்டும் சொல்லும் கருத்து அன்று.

வடபுலத்தில் வாழும் நமக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. 1965-ஆம் ஆண்டு கி. கஸ்தூரிரங்கன் தில்லியில் கணையாழி இதழைத் தொடங்கினார். அதன் கடைசிப் பக்கத்தில் சுஜாதா (1935–2008) 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்னும் பெயரில் எழுதினார். பின்னாளில் அவை 'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்' என்று நூலாகவும் வந்தன. புதுக்கவிதை, திரைப்படம், அறிவியல், படித்த நூல், பழகிய மனிதர் என எதுவும் அங்கு இடம்பெறலாம். ஆனால் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். அந்த நெருக்கடியே அந்நடையின் வலிமை ஆயிற்று. அவர் கருத்துக்களோடு மாறுபட்டோர் பலர். எனினும் அக்கருத்து யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. புனைபெயர் இட்டிருந்தபோதும் ஆள் மறையவில்லை.

இவர்களுடைய நடைகள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. ஆயினும் மூன்று பண்புகள் இவர்களுக்குப் பொதுவாக உள்ளன. முதலாவது, எழுதியவர் எதையோ தாமே கண்டிருக்கிறார். இரண்டாவது, ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறார். மூன்றாவது, பிறரை நகைக்கும்போது தம்மையும் அந்நகைப்புக்குள் சேர்த்துக்கொள்கிறார். அன்றாடக் கருத்துரையின் உயிர்நிலை இம்மூன்றே எனலாம்.

கடிதம் என்னும் தாய்வீடு

இம்மூன்று பண்புகளும் ஒருங்கே பயின்ற இடம் கடிதம். இரசிகமணி டி. கே. சி.யின் கடிதங்கள் இலக்கியமாகவே போற்றப்படுகின்றன. இடைசெவல் என்னும் ஒரே ஊரில் பிறந்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களும் நூலாக வந்துள்ளன. மு. வரதராசனார் தம் கருத்துக்களைச் சொல்ல விரும்பியபோது 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'அன்னைக்கு', 'நண்பர்க்கு' என்று கடித வடிவையே மேற்கொண்டார். யாருக்கு என்று தெரிந்தால் பேச்சு தானாகவே அளவு பெறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அறிஞர் கடிதங்களைப் போலவே, குடியேறிய குடும்பங்களின் கடிதங்களும் நம் கருத்துக்கு உரியவை. அவை அச்சேறவில்லை, பெரும்பாலும் பழைய தகரப்பெட்டிகளிலேயே மங்கிப்போயின. ஆனால் அவற்றின் அமைப்பை நம்முள் மூத்தவர்கள் அறிவர். தொடக்கத்தில் நலம் கூறி நலம் கேட்கும் வழக்கமான வரிகள் இரண்டு இருக்கும். அவ்வரிகள் எவருடைய சொந்தச் சொல்லும் அல்ல, ஊருக்கெல்லாம் பொதுவானவை. மூன்றாம் வரியிலிருந்து எழுதியவர் வந்துவிடுவார். கிணற்றில் நீர் எத்தனை முழம் இறங்கியது, எந்த மாடு கன்று ஈன்றது, யார் வீட்டுத் திருமணத்தில் சாம்பாரில் உப்பு மிகுந்தது என்று ஊர்ச்செய்தி வரும். இங்கிருந்து செல்லும் கடிதத்தில் தில்லியின் மார்கழிக் குளிரில் இட்லிமாவு புளிக்க மறுப்பதும், பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்பருகே வைத்ததும், பால் சாவடியில் விடியுமுன் வரிசையில் நின்றதும் இருக்கும். மும்பையிலிருந்து எழுதுவோர் குழாயில் நீர் வரும் நேரத்தைப் பற்றியும், ஒற்றை அறையில் விருந்தினரைப் படுக்கவைத்த வித்தையைப் பற்றியும் எழுதுவர். உள்நாட்டுக் கடிதத்தாளில் இடம் தீர்ந்துபோனால் மடிக்கும் ஓரத்திலும் எழுத்து ஏறும். முக்கியமான செய்தி பல வேளைகளில் அவ்வோரத்தில்தான் இருக்கும்.

அக்கடிதங்களை எழுதியவர்கள் தாங்கள் கட்டுரை எழுதுவதாக நினைத்ததில்லை. ஆயினும் தாம் கண்டது, எதிரே இருப்பவர், தம்மைத் தாமே நகைத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. நம் குடும்பங்களின் உரைநடை இலக்கியம் அதுவே.

கைபேசி தந்த நன்மை

கடிதம் போயிற்று, தமிழும் போயிற்று என்று புலம்புவது எளிது. அது உண்மையும் ஆகாது. 1990-களில் ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ் மற்றொரு கணினியில் புரியாக் குறிகளாகத் தோன்றிய நிலை இருந்தது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பின்னர்க் கைபேசிகளிலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. இதனால், பத்திரிகை ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திராமல், எவரும் தமிழில் எழுதலாம் என்னும் நிலை வந்தது.

இதன் பயனை மிகுதியாகப் பெற்றவர்கள் பெண்கள் என்று கருத இடமுண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருமணத்தின்பின் வடக்கே வந்து, முப்பது ஆண்டுகள் கணக்குக் குறிப்பேடும் மளிகைப் பட்டியலும் தவிர வேறொன்றும் எழுதாத ஒருவர், தம் உடன்பிறந்தாளுக்குக் கைபேசியில் நான்கு வரி தட்டுகிறார் எனில், அது சிறிய நிகழ்ச்சியன்று. அவ்வரிகளில் ஒற்று மிகாமல் இருக்கலாம். ணகரமும் னகரமும் இடம் மாறலாம். எனினும் அச்சொல் அவருடையது.

குரற்செய்தியும் அவ்வாறே. 2013-ஆம் ஆண்டு முதல் வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பும் வசதி உள்ளது. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் தம் இழுப்போடும் மிடுக்கோடும் தில்லி அடுக்ககங்களில் மீண்டும் ஒலிப்பது அதனால்தான். ஆனால் குரல் எழுத்துக்கு மாற்றாகாது. தமிழைக் காதால் மட்டும் அறிந்த பிள்ளைக்கு அது இன்னும் சிறிது காது தருகிறதேயன்றிக் கண் தருவதில்லை.

வந்த சொல்

இத்தனை வசதி வந்த பின்பும் நம் குழுக்களில் நிறைந்திருப்பது எது? நாள் ஒன்றுக்கு வரும் செய்திகளை ஒருவர் எண்ணிப் பார்த்தால், அனுப்பியவரே எழுதியவை எத்தனை, வேறெங்கோ எழுதப்பட்டுக் கைமாறி வந்தவை எத்தனை என்பது விளங்கும். பிந்தியதை நாம் பேச்சில் 'ஃபார்வர்டு' என்கிறோம். இக்கட்டுரையில் அதனை 'வந்த சொல்' என்று குறிப்போம்.

2018-ஆம் ஆண்டு வாட்ஸ்அப் நிறுவனம் இத்தகைய செய்திகளின் தலையில், இது பிறரிடமிருந்து வந்தது என்னும் அடையாளத்தை இடத் தொடங்கியது. அதே ஆண்டு இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப முடியாதென வரையறுத்தது. 2020-ஆம் ஆண்டு, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. பொய்ச்செய்தி பரவுவதைத் தடுப்பதே அந்நடவடிக்கைகளின் நோக்கம். ஆனால் திறனாய்வாளனுக்கு அச்சிறிய அடையாளம் வேறொன்றையும் சொல்கிறது. தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் உண்டு, தனிப்பாடல்கள் உண்டு, நாட்டுப்பாடல்கள் உண்டு. அவற்றைப் பாடியவர் ஒவ்வொருவரும் தம் வாய்க்கு ஏற்ப ஒரு சொல்லையேனும் மாற்றினர். கும்மிப்பாட்டு ஊர்தோறும் மாறியது. வந்த சொல்லோ ஆயிரம் கைகளைக் கடந்தும் ஓர் எழுத்தும் மாறாமல், பிழை இருந்தால் பிழையோடும், சென்றுகொண்டே இருக்கிறது. பெயரின்மையில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும், நாட்டுப்பாடல் பலருடைய சொல். வந்த சொல் எவருடைய சொல்லும் அன்று.

இவற்றுள் பொய் கலந்தவற்றைப் பற்றி நாம் விரித்துப் பேசத் தேவையில்லை. தீபாவளி இரவில் விண்ணிலிருந்து எடுக்கப்பட்ட இந்தியா என்று ஆண்டுதோறும் வந்த வண்ணப்படம், உண்மையில் 1992 முதல் 2003 வரை பல ஆண்டுகளின் இரவு விளக்கொளியை வண்ணங்களால் பிரித்துக் காட்டும் கூட்டுப்படம். நாசா 2012-ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கியது. அப்துல் கலாமின் பெயரில் உலவும் பொன்மொழிகள் பலவற்றுக்கு அவர் நூல்களில் இடமில்லை. இவை செய்தி ஆராய்ச்சியாளர் பணி. நமக்கு இங்கே உரியது, பொய் இல்லாத, தீங்கு இல்லாத, எல்லோரும் தலையசைக்கும் வந்த சொல். அதன் குறை நுட்பமானது. ஆகவே கூர்ந்து காண வேண்டியது.

பழமைப் பட்டியல்

எடுத்துக்காட்டாக, நாம் எல்லோரும் பலமுறை பெற்றிருக்கும் ஒரு வகையைக் கொள்வோம். அந்தக் காலம் எவ்வளவு இனிமையானது என்று கூறும் பட்டியல் அது. திண்ணை இருந்தது, அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன, மண்பானைத் தண்ணீர் இருந்தது, கூட்டுக்குடும்பம் இருந்தது, கோலிக்குண்டும் பம்பரமும் இருந்தன, கடிதத்துக்காகக் காத்திருந்தோம், கைபேசி இல்லை, கவலையும் இல்லை. ஈற்றில், இவற்றையெல்லாம் அனுபவித்த கடைசித் தலைமுறை நாமே என்னும் பெருமிதம். படித்தவுடன் நெஞ்சு இளகுகிறது. உடனே வேறொரு குழுவுக்கு அனுப்புகிறோம்.

இதனை ஓர் இலக்கியத் துண்டாகக் கொண்டு ஆராய்ந்தால் என்ன காண்கிறோம்? முதலில், இங்கே பெயர்ச்சொற்கள் நிறைய உள்ளன. மனிதர் ஒருவரும் இல்லை. ஆட்டுக்கல் இருந்தது என்கிறது. அதில் யார் அரைத்தார் என்று சொல்லவில்லை. அரைத்தவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவருக்குத் தோள் வலித்ததா, அரைத்துக்கொண்டே யாரோடு பேசினார், மின்னரவை வந்த அன்று அவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பன பட்டியலில் இல்லை. திண்ணையில் யார் அமரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்னும் வேறுபாடும் அங்கு இல்லை. கூட்டுக்குடும்பத்தில் கடைசிப் பந்தியில் யார் சாப்பிட்டார் என்பதும் இல்லை. வாழ்க்கையின் கூர்முனைகள் தேய்க்கப்பட்டு, எவர் கைக்கும் வழுவழுப்பாகும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்பதனால் யாருடைய வாழ்வும் அதில் இல்லாமல் போயிற்று.

இரண்டாவதாக, அது நம் வாழ்வே அன்று. நம்முள் பலர் தில்லியின் கரோல்பாக்கிலும் இராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்புகளிலும், மும்பையின் தாராவியிலும் மாதுங்காவிலும், கொல்கத்தாவின் ஏரிச்சந்தைப் பகுதியிலும் வளர்ந்தவர்கள். நம் இளமையில் திண்ணை இல்லை; மாடிப்படி இருந்தது. 1976-ஆம் ஆண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்குமுன் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸே நம்மை ஊருக்கு ஏற்றிச் சென்றது. கூஜாவில் தண்ணீரும், வாழையிலையில் கட்டிய புளிச்சோறும், நாகபுரியில் ஏறிய ஆரஞ்சுப் பழங்களும், வெப்பம் தாங்காமல் நனைத்துக் கட்டிய துண்டும் நம் பழமை. கடைக்காரரிடம் இந்தியில் விலை கேட்கத் தெரியாமல் விரலைக் காட்டிய தாயார், பள்ளியில் தம் பெயரைத் தவறாக ஒலித்ததைத் திருத்தக் கூசிய சிறுவன், ஊருக்குப் போனால் 'வடக்கத்திக்காரப் பிள்ளை' என்றும் இங்கே 'மதராசி' என்றும் இருபுறமும் அயலாராக அழைக்கப்பட்ட சிறுமி ஆகியோர் நம் பட்டியலில் வரவேண்டியவர்கள். வந்த சொல்லில் இவர்களுக்கு இடமில்லை. பிறருடைய பழமையை நம் பழமையாக அனுப்பிக்கொண்டிருக்கும்வரை நம் பழமை எழுதப்படாமலே போகும்.

ஆதவன் (1942–1987) தில்லித் தமிழ் நடுத்தர வகுப்பின் மனநெளிவுகளைக் 'காகித மலர்கள்' நாவலில் எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் தில்லிப் படைப்புகளும் உள்ளன. அவர்கள் காட்டிய அளவுக்காவது நம் வாழ்வு இலக்கியத்தில் நிற்கிறது. ஆனால் எழுத்தாளர் ஒருசிலர் ஒரு சமூகத்தின் அன்றாடம் முழுவதையும் எழுதிவிட இயலாது. மாவு புளிக்காத கதையை அவரவர்தாம் எழுத வேண்டும்.

ஏன் அனுப்புகிறோம்?

இவ்வளவு கூறியபின், அனுப்புவோரைக் குறைகூறி முடித்தல் நேர்மையாகாது. வந்த சொல்லை அனுப்புவதில் ஓர் அன்பும் உண்டு. காலையில் வரும் பூப்படமும் வணக்கமும், நான் எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன் என்பதைத் தெரிவிக்கும் குறிப்பாகவே பல முதியோரால் அனுப்பப்படுகிறது. தனியே வாழும் ஒரு தந்தையிடமிருந்து அப்பூப்படம் ஒருநாள் வராவிட்டால் பிள்ளைகள் தொலைபேசியை எடுப்பர். பழைய கடிதத்தின் முதல் இரண்டு வரிகள் செய்த வேலையை அது செய்கிறது. குறை என்னவெனில், கடிதத்தில் மூன்றாம் வரி இருந்தது. இங்கே அது இல்லை.

மூன்றாம் வரி ஏன் வருவதில்லை? விரல் நடுங்குவோர், கண் மங்கியோர் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம். ஏனையோர்க்குப் பெருந்தடை அச்சம். பிழை வந்துவிடுமோ என்னும் அச்சம் அது. ஒருவர் தம் சொந்தக் கருத்தை நான்கு வரி எழுதினால், குழுவில் தமிழறிந்த ஒருவர் கருத்தை விட்டுவிட்டு ஒற்றுப்பிழையை எடுத்துக்காட்டுகிறார். மற்றொருவர் சிரிக்கும் முகத்தை இடுகிறார். எழுதியவர் மறுநாள் முதல் வந்த சொல்லையே அனுப்புகிறார்; அதில் பிழை இருந்தாலும் பழி தம்மைச் சேராது. இவ்வாறு தமிழைக் காப்பதாகக் கருதுவோரே தமிழ் எழுதுவோர் ஒருவரைக் குறைத்துவிடுகின்றனர். பிழை திருத்தம் வேண்டியதே. ஆனால் பேசியதற்கு விடை கூறியபின் திருத்துதல் ஒன்று; விடை கூறாமல் திருத்துதல் வேறொன்று.

மற்றொரு தடையும் உண்டு. சொந்தக் கருத்துக்கு விலை கொடுக்க வேண்டும். தலைமுறை கெட்டுவிட்டது என்று வந்த சொல்லை அனுப்பினால் எவரும் கோபிப்பதில்லை. என் பேரன் உணவு உண்ணும்போது கைபேசியைக் கீழே வைப்பதில்லை, அது என்னை வருத்துகிறது என்று எழுதினால், அது மருமகள் கண்ணில் படும், விடை வரும், ஒருவேளை, தாத்தாவும் அவ்வாறே செய்கிறார் என்னும் உண்மையும் வெளிவரும். பொதுவில் சொல்வது பாதுகாப்பு. சொந்தமாகச் சொல்வது உறவு. உறவில் சிறிது சிராய்ப்பு இருக்கத்தான் செய்யும்.

பிள்ளைகள் கையில்

இனி, இதனால் நாம் இழப்பது யாது என்பதைக் காண்போம். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், கேட்டால் புரிந்துகொள்வர், படிக்கத் தெரியாது, அல்லது எழுத்துக் கூட்டிப் படிப்பர். உரோமன் எழுத்தில் தமிழ்ச் சொற்களைத் தட்டுவது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. தமிழ் எழுத்தைக் கற்க அவர்களுக்குக் காரணம் ஒன்று வேண்டும். தேர்வு காரணமாகாது, பெரும்பாலான பள்ளிகளில் தமிழ்ப்பாடமே இல்லை. மொழிப்பெருமை பற்றிய சொற்பொழிவும் காரணமாகாது. அதனை அவர்கள் மரியாதையோடு கேட்டு மறந்துவிடுவர்.

தமக்கென்று ஒருவர் எழுதிய வரியே அவர்களுக்குக் காரணமாகும். ஐம்பது வரியுள்ள வந்த சொல்லை ஒரு பேத்தி விரலால் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவாள். ஏனெனில் அது தனக்கு எழுதப்பட்டதன்று என்பதைப் படிக்காமலே அவள் அறிவாள். பாட்டி தன் பெயரிட்டு, நேற்று நீ கேட்ட பூரணக் கொழுக்கட்டைக்கு வெல்லம் எவ்வளவு என்றால் என்று தொடங்கி நான்கு வரி எழுதினால், அதனை எழுத்துக் கூட்டியாவது படிப்பாள். படிக்க முடியாவிட்டால் பிறரிடம் காட்டிக் கேட்பாள். எழுத்தறிவு அங்கே தொடங்குகிறது. ஆகவே வந்த சொல்லின் பெருக்கம் இலக்கியச் சுவைக்கு வந்த இடர் மட்டுமன்று. தமிழெழுத்து என்றாலே தள்ளிவிடத்தக்கது என்று நம் பிள்ளைகளின் விரலுக்கு நாள்தோறும் பயிற்சி கொடுக்கிறோம். இது நாம் கருதிச் செய்வதன்று. ஆயினும் விளைவு அதுவே.

அளவுகோல்

எனவே, கைபேசியில் வரும் அன்றாடக் கருத்துரையையும் திறனாய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அதற்குக் கடுமையான இலக்கணம் தேவையில்லை. நான்கு கேள்விகள் போதும். இதனை எழுதியவர் எதைக் கண்டார்? யாரிடம் சொல்கிறார்? இதற்கு அவர் பொறுப்பேற்பாரா? இவ்வரியை வேறொருவர் எழுதியிருக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு, முடியாது என்னும் விடை வருமாயின், ஒற்று மிகாவிட்டாலும் அது எழுத்து. எவரும் எழுதியிருக்கலாம் எனில், இலக்கணம் பிழையற்றதாக இருந்தாலும் அது வந்த சொல்லே. எவர் வாயிலிருந்து வந்தாலும் மெய்யை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் காட்டிய நெறி. வந்த சொல்லில் அந்த வாயே மறைந்துவிட்டதனால், ஆராயும் கடமை நமக்கு இருமடங்கு ஆகிறது.

வந்த சொல்லை முற்றிலும் விலக்குக என்று நாம் கூறவில்லை. அனுப்புவோர் அதன் கீழே தம் சொந்த வரி ஒன்றைச் சேர்க்கட்டும். பழமைப் பட்டியலை அனுப்புகிறவர், எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லை நாங்கள் தில்லிக்கு இரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மற்றவர் அதனைப் பற்றிக் கேட்பர். எவ்வளவு எடை, யார் தூக்கினர், இப்போது எங்கே கிடக்கிறது என்று பேச்சு வளரும். பட்டியல் மறைந்துவிடும், ஆட்டுக்கல் நிற்கும்.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆண்டு மலர்களில் சங்க இலக்கியம் முதல் இக்காலக் கவிதை வரை ஆராயும் கட்டுரைகளை வெளியிடுகிறோம். அது தொடர வேண்டும். அவற்றோடு, உறுப்பினர் குடும்பங்களில் எழுதப்பட்ட பத்து வரி, இருபது வரிக் குறிப்புகளுக்கும் சில பக்கங்களை ஒதுக்கலாம். முதன்முதலில் வாடகைக்குப் பிடித்த அறை, குளிரைக் கண்ட முதல் இரவு, பிள்ளை இந்தியில் கனவு கண்டு உளறிய நாள் எனப் பொருள் எதுவாயினும் ஆகட்டும். ஒற்றுப்பிழைகளைப் பதிப்பாசிரியர் திருத்திக்கொள்ளட்டும். அதற்குத்தான் அவர் இருக்கிறார். கைபேசி பழுதானால் அதிலிருந்த எழுத்து முழுவதும் மறைந்துபோகக்கூடும். மலர் ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கும். தமிழ் கற்றபின் ஒரு பேரனோ பேத்தியோ அதனை எடுத்துப் பிரிக்கும்போது, தன் வீட்டார் எழுதியது அதில் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.